வெள்ளவத்தை அனெக்ஸில் நான்கு பேர்: கொழும்புப் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் முதலாண்டுக் கணக்கு

கிளிநொச்சியிலிருந்து கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு வந்த ஒரு மாணவியின் முதல் எட்டு மாதச் செலவுக் கணக்கு இது. இந்த மாணவி தனியொருத்தி அல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனைப் பக்கங்களில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் பலருடைய நிலையைச் சேர்த்து வரைந்த ஆள். அவரவர் பேசி முடிக்கும் வாடகை, சாப்பாடு போன்றவற்றுக்கு மாதிரித் தொகைகளைப் போட்டிருக்கிறோம். அரசு நிர்ணயித்த விலைகள் 2025 இன் நடுப்பகுதியில் இருந்தவை.

மூன்றாம் மாதத்தில் இவரிடம் காசு முடிந்தது. வீண்செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மாதச் செலவை எழுதிப் பார்த்தபோது வரவும் செலவும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எந்தக் காசு எந்த நாளில் கைக்கு வரும், எந்தக் காசு எந்த நாளில் கையை விட்டுப் போகும் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன.

வரும்போது போட்ட கணக்கு

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்த நாள் முதல் "படிப்புக்குக் காசில்லைத்தானே" என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் கொழும்பு வளாகம், பேராதனையைப் போல விடுதிகளை நடுவில் வைத்துக் கட்டப்பட்டதல்ல. குமாரதுங்க முனிதாச மாவத்தையில் பீடங்கள் இருக்கின்றன, கின்சி வீதியில் மருத்துவ பீடம் இருக்கிறது, சுற்றிவர நாட்டிலேயே நிலம் விலை கூடிய பகுதிகளான கொழும்பு 3உம் 7உம் இருக்கின்றன. விடுதி உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் கேட்கிற எல்லோருக்கும் இடமில்லை, பெயர்ப் பட்டியலும் பெரும்பாலும் விரிவுரை தொடங்கிய பிறகுதான் வருகிறது. தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தாலும் முதல் நாள் இரவு படுக்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸாக, அதாவது வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதியாகக் கிடைத்தது. வீட்டுக்கார அன்ரி கீழே இருக்கிறார். மேல் மாடியில் இரண்டு அறை, சின்னச் சமையலறை, ஒரு குளியலறை. மாதம் 48,000 ரூபா, நான்கு பிள்ளைகள், ஆளுக்கு 12,000. வீட்டில் தகப்பனும் மகளும் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதிய மாதக் கணக்கு இது:

வாடகை 12,000
கரண்ட், தண்ணி 1,500
சாப்பாடு 12,000
பஸ் (22 நாள், நாளுக்கு 80) 1,760
போன், டேட்டா 1,500
போட்டோக்கொப்பி, எழுதுபொருள் 1,500
சவர்க்காரம் முதலான சொந்தத் தேவை 2,000
ஊருக்குப் போய்வர (இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 4,000) 2,000
கூட்டுத்தொகை 34,260

வரவு: வீட்டிலிருந்து 27,000, மகாபொல புலமைப்பரிசில் 7,500, மொத்தம் 34,500. மிச்சம் 240 ரூபா.

மகாபொல மாதத்துக்கு 5,000 ஆக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆனது. ஆகவே வரவுப் பக்கத்தில் எழுதிய தொகைகள் சரி. செலவுப் பக்கத்தில் சாப்பாட்டைத் தவிர மற்றவையும் ஏறக்குறையச் சரி. இந்தக் கொப்பியில் இல்லாதது, கொழும்புக்கு வந்த முதல் நாளே கொடுக்க வேண்டியிருந்த காசு:

மூன்று மாத முற்பணத்தில் ஆளுக்கு 36,000. முதல் மாத வாடகை 12,000. மெத்தை, வாளி, பாத்திரம், ரைஸ் குக்கரில் பங்கு எல்லாம் சேர்த்து 9,000. ஆய்வுகூட மேலங்கி, கல்குலேட்டர், முதல் கொப்பிகள் 6,000. மொத்தம் 63,000. இதற்குத் தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. அடகுக்கு வட்டி கட்டவேண்டும் என்பதால் வீட்டிலிருந்து வரும் 27,000 உம் கூடுவதற்கு வழியில்லாமல் போனது.

மூன்றாம் மாதம்

அந்த மாதம் நடந்த செலவு: வாடகை 12,000. கரண்ட், தண்ணி 2,240. சாப்பாடு 22,800. பஸ் 1,760, மழையிலும் இருட்டியும் எடுத்த ஓட்டோ 1,200. டேட்டா 1,500. போட்டோக்கொப்பி 2,100. சொந்தத் தேவை 2,000. ஊரில் கோயில் திருவிழா என்று போய்வந்தது 4,000. கூட்டினால் 49,600. கையில் வந்தது வீட்டுக் காசு 27,000 மட்டும், மகாபொல இன்னும் தொடங்கவில்லை. பள்ளம் 22,600.

இதை ஒரே பள்ளமாகப் பார்த்தால் "செலவைக் குறை" என்ற ஒற்றை அறிவுரைதான் மிஞ்சும். பிரித்துப் பார்க்கவேண்டும். 7,500 ரூபா, வரவேண்டிய காசு வராததால் வந்த பள்ளம். 2,000 ரூபா, இரண்டு மாதப் பயணச் செலவு ஒரே மாதத்தில் விழுந்ததால் வந்தது. கரண்ட், ஓட்டோ, போட்டோக்கொப்பி ஆகிய மூன்றும் சேர்ந்து 2,540. மீதி 10,800 முழுவதும் சாப்பாடு. கொப்பியில் மிச்சமாகத் தெரிந்த 240ஐக் கழித்தால் கணக்கு நேராகிவிடும். இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

சாப்பாடு: 12,000 ஏன் பொய்த்தது

நாளுக்கு 400 ரூபாவில் மூன்று வேளை என்ற கணக்கு, மூன்று வேளையும் வீட்டில் சமைத்தால் மட்டும் ஓரளவு நிற்கும். விஞ்ஞான பீடத்தில் செய்முறை வகுப்பு உள்ள நாளில் வளாகத்தை விட்டு வெளிக்கிட ஐந்து மணி தாண்டும், வெள்ளவத்தைக்கு வந்துசேர ஆறு. நான்கு பேரும் களைத்து வருவார்கள், யார் சமைப்பது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆளாளுக்கு காலி வீதிக் கடையில் தோசையோ கொத்தோ வாங்குவார்கள், 350 முதல் 400 வரை. காலையில் இரண்டு ரோல்ஸும் பிளேன்ரீயும். மதியம் கன்ரீன் சோறு மலிவு, ஆனால் ஒரு மணிக்குப் பிறகு போனால் கறி முடிந்திருக்கும், வெளியே பார்சல் எடுக்கவேண்டும். இப்படி நாளுக்கு 760 ஆனது. நான்கு பேருக்கும் இதேதான். ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்து பயனில்லை, ஏனெனில் தனியாளுக்குச் சமைப்பது காசிலும் நேரத்திலும் கட்டாது.

நாலாம் மாதம் நால்வரும் ஒரே அடுப்புக்கு வந்தார்கள். இரவும் மறுநாள் மதியமும் வீட்டுச் சாப்பாடு. ஒரு நாளுக்கு நான்கு பேருக்கான அளவு இது.

நாட்டரிசி 1 கிலோ (இரவுக்கு 500 கிராம், மதியத்துக்கு 500). உச்ச சில்லறை விலை 230. சம்பா எடுத்தால் 240, கீரிச்சம்பா 260. மைசூர்ப் பருப்பு 200 கிராம், 60 ரூபா. மரக்கறி ஒரு கிலோ, சராசரி 400. முட்டை அல்லது கருவாடு அல்லது மலிவான நாளில் சின்ன மீன், 300. தேங்காய் ஒன்று 200. 2025 இன் தொடக்கத்தில் தேங்காய் 200ஐத் தொட்டுத் தாண்டியதுதான் கடைச் சோற்றுப் பார்சலின் விலையையும் தூக்கியது. எண்ணெய், வெங்காயம், தூள், புளி 150. காஸ்: 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 3,690, இந்த அளவு சமையலுக்கு ஐந்து வாரம் வரை நிற்கும், நாளுக்கு 105. கூட்டினால் 1,445, ஆளுக்கு 361. காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலுமோ, ஊரிலிருந்து வரும் மாவில் புட்டோ, இன்னும் 70. ஆக நாளுக்கு 431.

மாதத்தில் 24 நாள் இப்படி நடந்தால் 10,344. மீதி 6 நாளைக்குப் பரீட்சை, காய்ச்சல், பிறந்தநாள் என்று கடைச் சாப்பாடு வரத்தான் செய்யும், 760 படி 4,560. மொத்தம் 14,904. உண்மையான எண் 15,000. கொப்பியில் எழுதிய 12,000 முதல் நாளிலிருந்தே நடக்காத எண். அதை வைத்துக்கொண்டு பிள்ளை ஒவ்வொரு மாதமும் தன்னைத்தானே குற்றம் சொன்னதுதான் மிச்சம்.

சமையல் முறையில் ஒரு விஷயத்தைக் கவனமாகச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் இரவே ஒரு கிலோ அரிசியையும் ஆக்கி, பாதியை மூடிவைத்து மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பின் வெக்கையில் இரவு எட்டு மணிக்கு ஆக்கிய சோறு மறுநாள் பகல் 12 மணிவரை வெளியே இருந்தால், மணம் மாறாவிட்டாலும் வயிற்றைக் குழப்பும். அந்தச் சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அனெக்ஸில் செய்யவேண்டியது, மதியச் சோற்றைக் காலையில் ஆக்குவது. குக்கரோடு வரும் கோப்பை ஒன்றில் ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். மூன்று கோப்பையும் ஒரு கையும் அரிசியை இரவே அளந்து வைத்து, காலை ஆறுக்குக் களைந்து பொத்தானை அழுத்தினால் ஆறரைக்குச் சோறு தயார். தேங்காய்ப் பால் விட்ட கறி இரவோடு முடியவேண்டும். மதியத்துக்குப் பால் விடாத பருப்பு, பொரித்த கத்தரிக்காய், கருவாட்டுப் பிரட்டல், காலையில் பொரித்த முட்டை. பெட்டியை மூடமுன் சோறு ஆவி அடங்க ஆறவேண்டும். சுடச்சுட மூடினால் மூடியில் வேர்த்து நீர் வடிந்து பதினொரு மணிக்கே நசிந்து போகும்.

ஊர் மாவிலும் இதே பிழைதான். கிளிநொச்சியில் அம்மா அரிசிமாவை வறுத்து, வாசம் போகக்கூடாதென்று இளஞ்சூட்டிலேயே பையில் கட்டி இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். எட்டு மணிநேரம் பையினுள் வேர்த்து, கொழும்பில் அவிழ்க்கும்போது ஓரத்தில் கட்டி கட்டியாக இருக்கும், ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். அகலத் தாச்சியில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, அரித்து, அதன் பிறகு கட்டவேண்டும். இங்கே வந்ததும் காற்றுப் புகாத ரின்னுக்கு மாற்றினால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். மிளகாய்த்தூளும் அப்படியே. கொழும்புக் கடைத்தூளுக்கும் வீட்டுத்தூளுக்கும் உள்ள சுவை வித்தியாசம் சிறியதல்ல. வீட்டுத்தூள் இருந்தால் பிள்ளைகள் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதைப் பல அறைகளில் காணலாம்.

முறை எடுப்பது இப்படி: சமைப்பவர் பாத்திரம் கழுவுவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கொரு நாள், செய்முறை வகுப்பு இல்லாத நாளைப் பார்த்துப் பிரித்தது. கிழமைக்கு ஆளுக்கு 2,000 ரூபா ஞாயிறு இரவே ஒரு ரின்னில் போடவேண்டும். மாத முடிவில் கணக்குப் பார்த்துப் பிரிப்போம் என்று விட்ட அறைகளில் மனக்கசப்பு வராமல் இருந்ததில்லை.

மகாபொல: வரும், ஆனால் எப்போது

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் 1981 இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தெரிவுக்குக் குடும்ப வருமானமும் உயர்தரப் பரீட்சையில் பெற்ற இசெட் புள்ளியும் பார்க்கப்படும். கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் பேர்சரிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை, பன்னிரண்டு அல்ல.

இந்த மாணவிக்கு முதல் தவணை ஐந்தாம் மாத முடிவில்தான் வந்தது. தெரிவுப் பட்டியல், வருகைப் பதிவு, வங்கி விவரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வேலை ஆதலால் முதலாண்டில் சில மாதம் பிந்துவது வழமை. அதோடு இவருக்குத் தன் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துகள் வேறு விதமாகவும், சின்ன வயதில் திறந்த வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் போட்டும் இருந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு "எச்" கூடுவதும் குறைவதும் நமக்குச் சிறிய விஷயம். கணினிப் பட்டியலில் அது வேறு ஆள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த கிழமையே அடையாள அட்டையில் உள்ளபடி ஒரு புதுக் கணக்குத் திறப்பது, பழைய புத்தகத்தைத் திருத்த அலைவதை விட வேகமானது. வருமானத்துக்குக் கிராம சேவையாளரின் கடிதமும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் ஊரில் இருக்கும்போதே எடுக்கவேண்டும், இரண்டு பிரதி கையில் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து இதற்கென்று ஊருக்குப் போவது 4,000 ரூபாவும் இரண்டு நாள் வகுப்பும்.

ஆகவே குடும்பம் தயார்செய்ய வேண்டிய தொகை வேறு. முதல் நாள் 63,000, மகாபொல வராத ஐந்து மாதத்துக்கு 7,500 படி 37,500, கூட்டினால் 1,00,500. பிள்ளை பஸ் ஏறமுன் ஒரு இலட்சம் ரூபா ஒதுக்கிவிட்டால் மாதச் செலவுக்கு 27,000 போதுமா என்ற கேள்விக்கு அமைதியாகப் பதில் தேடலாம். அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே தடவையில் இந்தத் தொகைக்கு வைத்து, நிலுவைத் தவணைகள் சேர்ந்து வரும்போது மீட்பது நல்லது. இந்தக் குடும்பம் முதலில் சங்கிலி, மூன்றாம் மாதம் மோதிரம், ஐந்தாம் மாதம் அறைத்தோழியிடம் கைமாற்று என்று மூன்று தடவை போனது. பட்ட சஞ்சலத்தில் பெரும்பங்கு அந்த இரண்டாவதும் மூன்றாவதும் தடவைகளில்தான்.

பத்துத் தவணை என்பதால் இரண்டு மாதம் காசில்லை என்று பயப்படத் தேவையில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்த மாதம் வாடகையும் போனும்தான் செலவு, மகாபொல இல்லாமலும் சமாளிக்கலாம். இடிப்பது பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறை. வகுப்பு இல்லை, ஆனால் கொழும்பில் இருக்கவேண்டும், சாப்பாடு முழுச் செலவு, நேரமில்லாததால் கடைப் பார்சலும் கூடும். தவணைக் காசு வராத மாதமும் இதுவும் ஒன்றாக விழுந்தால் அதற்கென 10,000 வரை முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும்.

கரண்ட் பில்

மூன்றாம் மாதம் அன்ரி மேலே வந்து, "பிள்ளையள், இந்த முறை கரண்ட் பில் சரியாக் கூடிப்போச்சு, யூனிட்டுக்கு 70 ரூபாப்படி தாங்கோ" என்றார். மேல் மாடிக்குத் தனியாக ஓர் உபமீற்றர் இருக்கிறது, அந்த மாதம் 105 யூனிட். 7,350 ரூபா, ஆளுக்கு ஏறக்குறைய 1,840. தண்ணிக்கு ஆளுக்கு 400.

105 யூனிட் எங்கே போனது என்று பார்க்கலாம். இரண்டு மின்விசிறி, 60 வாற், இரவு 9 மணிநேரம்: மாதம் 32. மடிக்கணினி நான்கு, நாளுக்கு 4 மணிநேரம்: 24. ரைஸ் குக்கர் 700 வாற், இருவேளை: 15. அயன் 1,000 வாற், நால்வரும் வகுப்பு நாளில் ஆளுக்கு 10 நிமிடம்: 15. மின்கேத்தல், நாளுக்கு நான்கு தடவை: 12. விளக்குகள் 6. சில்லறையோடு 105. எல்லோரும் விசிறியைப் பற்றிச் சண்டைபிடித்தார்கள். தினமும் அயன் பிடிப்பது ஒரு மாதச் சோறு ஆக்கும் கரண்டைக் குடிக்கிறது என்று தெரிந்த பிறகு, ஞாயிறு ஒருநாளில் எல்லா உடுப்பையும் பிடித்தார்கள், சூடேறும் நேரம் மிச்சம். மடிக்கணினியை நூலகத்தில் சார்ஜ் போட்டார்கள். 90க்கு வந்தது.

விலை எப்படிக் கூடுகிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும், 180 யூனிட்டுக்கு மேல் போகும் பகுதிதான் ஆகக் கூடிய விலை. அன்ரியின் வீடு தனியே 120 யூனிட். மேல்மாடி சேர்ந்தால் 225, அதனால் கடைசிப் பகுதி உச்சப் படிக்குப் போகிறது. அன்ரி அந்த உச்சப் படியை மனதில் வைத்து மேல்மாடியின் எல்லா யூனிட்டுக்கும் 70 போட்டார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, பிள்ளைகள் இல்லாவிட்டால் அவர் பில் அந்தப் படிக்கு ஏறாது. ஆனால் 105 யூனிட்டும் அந்தப் படியில் இல்லை.

"அன்ரி, பில்லை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டதில் ஒரு குறையும் வரவில்லை. மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் பிரித்தால் சராசரி விலை வரும். அது பிள்ளைகளுக்கு நியாயமான கீழ் எல்லை. உச்சப் படி மேல் எல்லை. இரண்டுக்கும் இடையில் 50 என்று பேசி முடித்தார்கள். 90 யூனிட், 4,500, ஆளுக்கு 1,125. கேட்கும் விதம்தான் முக்கியம்: பில் வந்த அன்று, நால்வரும் சேர்ந்து, கையில் உபமீற்றர் படத்தோடு. கோபம் முற்றிய பிறகு ஒருவர் தனியே போய்க் கேட்டால் அது வேறு கதையாகிவிடும்.

நாலாவது ஆள் போனபோது

ஐந்தாம் மாதம் ஒரு பிள்ளைக்கு விடுதி கிடைத்தது. அவர் போவதில் தவறே இல்லை, விடுதி கிடைத்தால் எடுத்துவிட வேண்டும். ஆனால் 48,000 மூவருக்கு 16,000 ஆகிறது. புது ஆள் வர இரண்டு மாதம், ஆளுக்கு 8,000 மேலதிகம். போனவர் தன் முற்பணம் 36,000ஐயும் கேட்டார், வீட்டுக்கார அன்ரியோ ஒப்பந்தம் முடியாமல் தரமுடியாது என்றார். இருவர் சொன்னதும் சரி. இடையில் நின்ற மூவருக்குத்தான் நெருக்கம்.

இதற்கு ஒரு வழி அறை எடுக்கும் அன்றே இருக்கிறது: நால்வரும் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பது. போகிறவர் ஒரு மாதம் முன்பு சொல்லவேண்டும். பதில் ஆளைப் போகிறவரே தேடவேண்டும், கிடைக்கும்வரை அதிகபட்சம் ஒரு மாத வாடகைப் பங்கு அவருடையது. அவரது முற்பணத்தைப் புதிதாக வருபவர் நேரே அவரிடம் கொடுப்பார், வீட்டுக்காரரிடம் உள்ள தொகை அப்படியே இருக்கும். வீட்டுக்காரருக்கு ஆள் மாறுவதை அடையாள அட்டைப் பிரதியோடு அறிவிக்கவேண்டும். நான்கு வரிதான். தோழிகளுக்கிடையில் எதற்குத் தாள் என்று கூச்சப்படுகிறவர்கள் பலர். தாள் இருந்த அறைகளில் தோழமை நிலைத்ததைக் கண்டிருக்கிறோம்.

புது ஆளைப் பீடத்து வட்ஸ்அப் குழுவிலும் மூத்த மாணவர் வழியாகவும் தேடினால் காசில்லை. தரகர் வழியாகப் போனால் அரை மாதமோ ஒரு மாதமோ வாடகை அவருக்கு.

போக்குவரத்தும் சில்லறையும்

வெள்ளவத்தையிலிருந்து இரண்டு வழி. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக ஹவ்லொக் வீதிக்கு நடந்து 120ஆம் இலக்க பஸ் எடுத்தால் வளாகத்தருகே தும்முல்லையில் இறங்கலாம். காலி வீதியில் 100 அல்லது 101 எடுத்து பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கினால் பௌத்தாலோக மாவத்தை வழியாகக் கால்மணி நேர நடை. குறைந்த கட்டணம் 27 ரூபா. ஒரே பஸ்ஸில் போவது முக்கியம், இரண்டு மாறினால் நாளுக்கு 80 என்பது நிற்காது. ஓட்டோச் செலவு முழுக்க இருட்டிய பிறகு வந்தது. வகுப்புக்குப் பின் நூலகத்தில் இருந்து படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து திரும்பினால் அது தானாகவே இல்லாமல் போகும். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது, அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

ஊர்ப் பயணத்துக்கு யாழ்தேவி ரயிலில் ஆசனப் பதிவு 30 நாள் முன்பு திறக்கும். நீண்ட விடுமுறைக்கு அன்றே முடிந்துவிடும், தவறவிட்டால் வெள்ளவத்தையில் ஏறும் தனியார் இரவு பஸ்தான், விலையும் கூட.

டேட்டாவைக் குறைக்க வளாகத்தில் எடுரோம் என்ற வைஃபை இருக்கிறது, பல்கலைக்கழகக் கணக்கால் உள்நுழையலாம். விரிவுரைக் காணொளிகளை அங்கே இறக்கிக்கொண்டு போனால் மாதம் 1,000 போதும். போட்டோக்கொப்பி 2,100 ஆனதற்குக் காரணம், மூத்தவர்கள் கொடுத்த பழைய வினாத்தாள் கட்டுகளை ஒவ்வொருவரும் தனித்தனியே முழுதாக எடுத்தது. நான்கு பேருக்கு ஒரு பிரதி போதும், மீதியைத் திரையில் படிக்கலாம். நோய் வந்தால் பல்கலைக்கழக மருத்துவ நிலையமும் தேசிய வைத்தியசாலையும் இலவசம். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் கொழும்பில் டெங்குவை நினைத்து இரத்தம் பார்க்கவேண்டும், தனியார் கிளினிக்கில் காசும் நாளும் கழிக்கக்கூடாது.

எட்டாம் மாதக் கணக்கு

வாடகை 12,000, கரண்ட் தண்ணி 1,525, சாப்பாடு 15,000, பஸ் 1,760, டேட்டா 1,000, போட்டோக்கொப்பி 1,000, சொந்தத் தேவை 2,000, ஊர்ப் பயணத்துக்கு ஒதுக்கியது 2,000, பரீட்சை மாதத்துக்குச் சேமிப்பு 1,500. மொத்தம் 37,785. வரவு: வீடு 27,000, மகாபொல 7,500, வெள்ளவத்தையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒருநாள் கணித ரியூசன் 4,000. மொத்தம் 38,500.

ரியூசனை ஒன்றோடு நிறுத்தியது நல்ல முடிவு. கிழமைக்கு மூன்று வீடு போகும் பிள்ளைகள் முதலில் காசில் தெம்பாக இருப்பார்கள், பிறகு செய்முறை அறிக்கைகள் தேங்கும். வகுப்புக்கு வராத பதிவு கூடினால் அது புலமைப்பரிசிலையும் தொடும். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்கவேண்டும், பரீட்சை மாதம் வகுப்பு இல்லை என்பதைப் பிள்ளையின் தாயிடம் முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.

இனி மிஞ்சுவது முற்பணம். ஆண்டு முடிவில் அது 1,44,000 ரூபாவாக அன்ரியிடம் இருக்கிறது, நால்வருக்கும் இதுவே பெரிய சொத்து. இரண்டு வழிதான்: கடைசி மூன்று மாத வாடகையில் கழிப்பது அல்லது வெளிக்கிடும் அன்று கையில் வாங்குவது. எது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பூச்சு, உடைந்த குழாய், பூட்டு என்று கழிவு தொடங்கும். வந்த அன்று ஒவ்வொரு அறையின் சுவர், குளியலறைக் குழாய், ஜன்னல் கண்ணாடி, மீற்றர் எண் ஆகியவற்றைத் திகதி தெரியும்படி படம் எடுத்து அன்ரிக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், போகும் அன்று அதே படத்தோடு ஒப்பிட்டுப் பேசி முடிக்கலாம். இந்த நால்வர் படம் எடுத்தது நாலாம் மாதம்தான். அதற்கு முன்பே இருந்த ஜன்னல் வெடிப்புக்குக் கண்ணாடிக்காரரிடம் விலை கேட்டு, அன்ரி பாதி, பிள்ளைகள் பாதி என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.